பச்சைப்பயறும் போசா நோவாவும்

ஒவ்வொரு போகிக்கும் எங்கள் வீட்டில் ஒரு பால்பவுடர் டப்பா தெருவுக்குப் போய்த் திரும்பி வருகிறது. என் மனைவி அதைப் பழைய பாயோடும் பஞ்சு பிதுங்கிய தலையணையோடும் சேர்த்து வாசலில் வைப்பாள். நான் பல் தேய்த்துக்கொண்டே போய் எடுத்து வந்து பரணில் போடுவேன். “இன்னாங்க, காலி டப்பாவ இன்னாத்துக்கு வருஷா வருஷம் காப்பாத்திகினு கீறீங்க?” என்பாள். காலி இல்லை என்பேன். நிரம்பியும் இல்லைதான், ஆனால் அந்த விவரத்துக்குள் போனால் காப்பி ஆறிவிடும். மூடியைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். பக்கவாட்டில் சிரிக்கும் குழந்தையின் படம் துருவேறி, அம்மை போட்ட முகம்போல் இருக்கும். நானும் ஒரு காலத்தில் ராயபுரத்தில் இசைக் கலைஞனாக இருந்தேன் என்பதற்கு மிச்சமிருக்கும் ஒரே அத்தாட்சி அது. அதுதான் என் வாத்தியம். உள்ளே போட்டது பச்சைப்பயறு. வாசித்தது பிரேசில் நாட்டு இசை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என் மனைவியைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவன். அந்தச் சில மாதத்துக்கு மரியாதை கொடுத்தால் இருவருக்குமே வயதாகிவிடும் என்று ஆரம்பத்திலேயே ‘வாங்க போங்க’வை விட்டுவிட்டோம். பகலில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஒரு கடையில் எடைபோடும் இடத்தில் நிற்பான். சாயங்காலம் கல்யாண வீடுகளுக்குப் போகும் மெல்லிசைக் குழுவில் குழல் வாசிப்பான். மூங்கில் குழல் அல்ல. பர்மா பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே கிடந்து அவன் கைக்கு வந்த, உடம்பெல்லாம் சின்னச் சின்ன மூடிகள் கொண்ட வெள்ளைக்காரக் குழல். சினிமாப் பாட்டுக்கு முன்னால் வருகிற சில நொடிகள் அவனுடையவை. அதற்குள் பாடகர் வந்து மைக்கைப் பிடித்துவிடுவார். இவன் அடுத்த பாட்டு வரை குழலை மடியில் வைத்துக்கொண்டு, பந்தியில் என்ன பாயசம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். “என் பொழப்பு கதவு தொறக்கற பொழப்பு மச்சான். தொறந்துட்டு ஓரமா நின்னுக்கணும்” என்பான். அதில் இருந்த கசப்பை நான் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். எழுதுகிறவனுக்கு இருக்கும் கோளாறு அது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. நான் துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் குமாஸ்தா. சர்க்கரைக் கப்பல் ஒன்றில் வந்த பிரேசில்காரச் சமையற்காரர் என்னோடு சிநேகமானார். எங்களுக்குப் பொதுவாக ஒரு மொழியும் இல்லாததால் சண்டை வர வழியே இல்லை. கப்பல் கிளம்பும் முன் நான் அவருக்குக் கட்டம்போட்ட லுங்கி இரண்டு கொடுத்தேன். அவர் தன் அறையிலிருந்து ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டை இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை. ‘சம்பா, போசா நோவா’ என்று மட்டும் ஆங்கில எழுத்தில் நீல மையில் கிறுக்கியிருந்தது. சம்பா எனக்குத் தெரியும், ரேஷன் கடையில் கிடைக்காத அரிசி. மற்றதைப் ‘போச்சா, நோவா’ என்று படித்து, எதுவோ பறிபோனதையும் அதனால் வலிப்பதையும் பற்றிய பாட்டாக இருக்கும் என்று நினைத்தேன். பிற்பாடு நடந்ததை வைத்துப் பார்த்தால் அது அப்படியொன்றும் மோசமான மொழிபெயர்ப்பு இல்லை.

கேசட்டில் இருந்தவர் ஒரு ஜாஸ் குழல்காரர். பிரேசில்காரர்களின் பாட்டுகளை அவர் தன் இஷ்டத்துக்கு வாசித்திருந்தார். இஷ்டம் என்றால், பாட்டை ஒருமுறை ஒழுங்காக வாசித்துக் காட்டிவிட்டு, அடுத்த முறை அதன் முக்கியமான சுரங்களை எல்லாம் விட்டுவிட்டு அவற்றைச் சுற்றி நடந்துபோவார். நமக்கோ விட்டுப்போனவைதான் காதில் விழும். தாளம் ஒரு பக்கம் சன்னமாக அலை மாதிரி போய்க்கொண்டிருக்கும். குழல் அதன் மேல் ஏறாது, கொஞ்சம் தாமதித்து, வண்டி நகர ஆரம்பித்த பிறகு தொற்றிக்கொள்கிறவனைப் போல வந்து சேரும். அதுதான் போசா நோவா. சம்பா வேறு மாதிரி, துள்ளல். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரில், கல்யாணச் சீராக வந்து என் தாம்பத்தியத்தைப் போலவே கொஞ்சம் தேய்ந்திருந்த அந்தப் பெட்டியில், மச்சான் முதல் பாட்டைக் கேட்டான். மறுபடி போடச் சொன்னான். மூன்றாம் முறை முடிந்ததும், “இந்தாளு கதவு தொறக்கல மச்சான், வூட்டுக்குள்ள உக்காந்துகினு கீறாரு” என்றான். அன்றே கேசட் அவனோடு போய்விட்டது. பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனான்; தங்கைக்குக் கொடுத்த சீரை அண்ணன் திரும்ப எடுத்துக்கொண்டு போவதை எங்கள் தெருவே நின்று பார்த்தது.

சில மாதங்களில் அவன் அதில் இருந்த எல்லாவற்றையும் வாசித்தான். அப்படியே வாசித்தான் என்று சொல்ல முடியாது. பிரேசில்காரர் பாட்டை ஜாஸ்காரர் தன் போக்கில் வாசிக்க, அதை எங்கள் பெட்டி தன் போக்கில் ஓட்ட, அதை மச்சான் தன் போக்கில் பிடித்தான். சுரத்துக்கு முன்னால் அவன் மூச்சு கேட்கும், பாயை விரித்துவிட்டு உட்காருகிற மாதிரி. போசா நோவாவை அவன் வாசித்தால் ஒரு பெரிய கப்பல் கரையை விட்டு நகர்கிற நிதானம் அதில் இருக்கும். நகர்கிறதா, நாம்தான் நகர்கிறோமா என்று தெரியாது. சம்பாவில் அவன் நாக்கால் வெட்டும் வெட்டுகள் சாத்தாங்காட்டில் தகடு மேல் தகடு விழும் சத்தம். இதை நான் சொன்னபோது, “அங்க சத்தம் கேட்டு கேட்டு காது பூட்ச்சி, அதான் இப்டி வருது” என்றான்.

எங்களுக்குக் கிட்டார் கிடைத்தது காசிமேட்டுப் பக்கம் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு அண்ணனிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வாசிப்பவர். கிட்டார் அண்ணன் என்றே கூப்பிட்டோம். ராயபுரத்தில் அவருடைய எஞ்சின் ஷெட்டில்தான் பயிற்சி. தாளத்துக்கு ஆளில்லாததால் என்னைப் பிடித்தார்கள். பால்பவுடர் டப்பாவில் அரிசி போட்டுப் பார்த்தோம், சத்தம் ரொம்ப மெல்லிசு, துவரம்பருப்பு கரகரத்தது, பச்சைப்பயறு சரியாக வந்தது. அதை ஒரே சீராக ஆட்ட வேண்டும். ஆட்டுகிறவன் யோசிக்கக் கூடாது, முந்தக் கூடாது, தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. குமாஸ்தா உத்தியோகத்துக்கு வேண்டிய அதே தகுதிகள்.

‘நோவா’ என்ற சொல்லைக் கேட்டதும் கிட்டார் அண்ணனின் அம்மா, வேதாகமத்தில் பேழை கட்டிய நோவாவைப் பற்றிய பாட்டு என்று முடிவு செய்துவிட்டார். மீன்பிடித் தெருவில் பிறந்தவருக்கு நோவா சொந்தக்காரர் மாதிரி. படகு கட்டியவர் அல்லவா. ஞாயிறு மத்தியானத்தில் சினிமாப் பாட்டு என்றால் விரட்டியிருப்பார். நோவா என்பதால் டீ போட்டுக் கொடுத்தார். எங்களில் ஒருவரும் அவரைத் திருத்தவில்லை, டீ நன்றாக இருக்கும். சொற்கள் இல்லாத அந்தப் பாட்டை வாசற்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்பார். பிறகு மகனிடம், “இன்னும் மழ வரலயாடா?” என்பார். “வரலம்மா, இப்பத்தான் பலக அறுத்துகினு கீறாங்க” என்பார் அண்ணன். வாராவாரம் இந்தக் கேள்வியும் பதிலும் உண்டு. வாராவாரம் பலகை மட்டுமே அறுத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது எஃப்.எம். வானொலியில் ஞாயிறு காலையில் புதுக் கலைஞர்களை நேரில் கூப்பிட்டு வாசிக்கவும் பேசவும் வைக்கும் நிகழ்ச்சி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்பது எங்கள் மூவரின் ஒரே லட்சியம். கல்யாண வீட்டில் எங்களை யார் கேட்பார்கள்? முகூர்த்தத்தில் ‘போச்சா, நோவா’ வாசித்தால் சம்பந்திகள் அடித்துக்கொள்வார்கள். வானொலிக்கு விண்ணப்பம் எழுதும் வேலை என்னுடையது. படித்தவன் என்ற பேர் இருந்ததே. ‘வடசென்னையின் கடற்காற்றும் தென்னமெரிக்கக் கடற்காற்றும் எங்கள் மூச்சில் சந்திக்கின்றன’ என்றெல்லாம் எழுதினேன். அதைப் படித்த யாரும் எங்களைக் கூப்பிடாததில் வியப்பில்லை. ஆனாலும் விடாமல் அனுப்பினேன். என் வீட்டுப் பக்கம் தபால் தொலைந்துபோகும் என்று மச்சான் முகவரியைக் கொடுத்திருந்தேன். படித்தவன் செய்கிற காரியம்.

ஒருநாள் மச்சான் மெல்லிசைக் குழுவின் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். “இத்த பாரு மச்சான், நம்ம பேரு இதுல கீது” என்றான். வரிசையாகத் தாளங்களின் பெயர்கள். நடுவில் போசா நோவா. பட்டனை அமுக்கினான். டிக் டிக் என்று ஆரம்பித்தது, கிட்டார் மாதிரி ஒன்று, டப்பா மாதிரி ஒன்று, எல்லாம் உள்ளேயிருந்தே வந்தன. டீ குடிக்கப் போகாது, தும்மாது, தாளத்தின் நடுவில் மூக்கைச் சொறியாது. எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் மெஷின் வந்து ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலம். கேட்டுக்கு வெளியே ஆட்கள் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தன் வேலையை ஒரு பட்டன் செய்வதைப் பார்த்துக் கைதட்டிய தொழிலாளி அந்த வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிட்டார் அண்ணன் மட்டும், “சோக்கா கீது. ஆனா இன்னாத்துக்கு இம்மாம் அவசரம் அதுக்கு?” என்றார். எங்கள் நடையைவிட அது நல்ல வேகம். வேகத்தைக் குறைக்கவும் ஒரு பட்டன் இருந்தது. மச்சான் அதைத் தொடவில்லை.

அதே சமயத்தில் என் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தோடு தாய்மாமன்தான் கொண்டுவர வேண்டும். அவனுக்கோ கல்யாண சீசன். ஒரு சாயங்காலம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு வந்து, தங்கையிடம் தானே நாள் குறித்துக் கொடுத்தான். “வர்ற ஞாயித்துக்கெழம காலைல வச்சிக்கோ. அத்த உட்டா மாசம் பூரா புரோகிராம் கீது.” பிறகு என் தோளைத் தட்டி, “உனக்கும் ஆபீஸ் இல்லாத நாளாத்தான் பாத்தேன் மச்சான்” என்றான். என் சௌகரியத்தை ஒருவர் நினைத்துப் பார்ப்பது எனக்கு அபூர்வம். நெகிழ்ந்துபோய் அவனை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன்.

திருவொற்றியூர் கோயிலில் காலையிலேயே கூடிவிட்டோம். குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். தாய்மாமனைக் காணோம், தோட்டையும் காணோம். போன் செய்து பார்க்கலாம் என்று கோயிலுக்கு வெளியே இருந்த பூத்துக்குப் போனேன். விசேஷத்துக்கு வந்திருந்த கிட்டார் அண்ணனும் கூட வந்தார். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து டீக்கடையில் ரேடியோ. அதில் ஒரு மூச்சு கேட்டது. சுரம் இன்னும் வரவில்லை, மூச்சு மட்டும்தான். அண்ணன் என் கையைப் பிடித்தார். “நம்மாளு” என்றார்.

நம்மாள்தான். கேசட்டின் முதல் பாட்டு. நாங்கள் மூவரும் எஞ்சின் ஷெட்டில் ஒவ்வொரு வரியாகக் கட்டிய அதே பாட்டு, இரண்டாம் சுற்றில் கிட்டாரும் குழலும் நின்று டப்பா மட்டும் ஓடட்டும் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்த அதே இடத்தோடு. ஆனால் டப்பாவுக்குப் பதில் டிக் டிக். பாட்டு கப்பலாக நகரவில்லை, ஷேர் ஆட்டோவாகப் பறந்தது. டீக்கடைக்காரர் அதற்கேற்றபடி சுறுசுறுப்பாக ஆற்றினார். முடிந்ததும் பேட்டி எடுத்த பெண் கேட்டார், கூட வாசிக்கிறவர்கள் யார் என்று. “கூட யாரும் இல்லீங்க. தனியாத்தான் பழகினேன். தாளம்லாம் பட்டன்ல வந்துடும்” என்றான், எங்களோடு பேசாத ஒரு சுத்தத் தமிழில். இந்த இசை ராயபுரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டார். “தெரிஞ்சவர் ஒருத்தர் ஒரு கேசட் குடுத்தாருங்க.”

தெரிஞ்சவர் ஒருத்தர். அவன் தங்கையைக் கட்டியவன், அவன் மடிக்காக மொட்டையடித்துக் காத்திருக்கும் குழந்தையின் தகப்பன், கடற்காற்றையும் கடற்காற்றையும் சந்திக்க வைத்தவன். எனக்குக் கோபம் அந்த நிமிடம் வரவில்லை. வானொலியின் பதில் அவன் முகவரிக்குத்தான் போயிருக்கும் என்பதும், அவன் நாள் குறித்த சாயங்காலமும்தான் நினைவுக்கு வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எங்கே இருப்பேன், எதை விட்டு நகர முடியாமல் இருப்பேன் என்று யோசித்து, என் மகளின் காதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். ஜாங்கிரி வேறு.

கோயிலுக்குள் திரும்பியதும், “அண்ணன் கெளம்பிடுச்சா?” என்றாள் மனைவி. “காத்துல வந்துகினு கீறாரும்மா” என்றார் கிட்டார் அண்ணன். பத்தர் நல்ல நேரம் போகிறது என்றார். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் கிட்டார் அண்ணனே வேட்டியை மடித்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “மாமன்னா மாமன்தான், குடு கொயந்தைய” என்றார். என் மகள் அவர் கழுத்தில் இருந்த சிலுவைச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதாள். அந்த இழுப்பில் தலை திரும்பி, இடது காதுத் துளை ஒரு நூல் கீழே இறங்கிவிட்டது. தோடு இல்லாததால் துளையில் வேப்பங்குச்சி செருகினார்கள். எல்லாம் முடிந்து இலை போட்டபோது மச்சான் வந்தான். ஒரு கையில் குழல் பெட்டி, சட்டைப் பையில் ரோஸ் காகிதத்தில் மடித்த தோடு. “பஸ்ஸு ஒரே பேஜாரு” என்றான்.

விசேஷம் கழிந்து சில நாள் பொறுத்துக் கேட்டேன். மறுக்கவில்லை. “ஒருத்தருக்குத்தான் எடம்னு சொன்னாங்க மச்சான். ரூம்பு சின்னது.” உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை, உண்மையாக இருந்துவிட்டால் என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. “சொல்லியிருக்கலாமே, காது குத்தும் நாளையும் நீயே குறித்தாயே” என்றேன். “சொன்னா வந்து நிப்ப. வந்து இன்னா பண்ணுவ? டப்பாவ ஆட்டுவ.” இதைச் சொல்லும்போது அவன் குரலில் பகை இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எடைபோடுகிறவன் எடையைச் சொல்வதுபோல் சொன்னான்.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அண்ணனுக்கு ஒரு சான்ஸு வந்தா சந்தோஷந்தான படணும்” என்றாள். ஆனால் வேப்பங்குச்சியை அவள் மன்னிக்கவில்லை, இன்றுவரை. நான் வேப்பங்குச்சியை எப்போதோ மன்னித்துவிட்டேன். ‘தெரிஞ்சவர் ஒருத்த’ரை முடியவில்லை. ஒரே ஆள்மேல் ஒரே வீட்டில் இரண்டு வழக்கு. அடுத்த ஞாயிறு பழக்கதோஷத்தில் ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் கிட்டாரை எடுக்காமல் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா டீயோடு வந்து, மூன்று டம்ளரையும் இரண்டு ஆளையும் பார்த்துவிட்டு, வழக்கம்போலக் கேட்டார், இன்னும் மழை வரவில்லையா என்று. அண்ணன் தலை நிமிரவில்லை. “வந்துட்ச்சிம்மா. ஒர்த்தன் மட்டும் போட்ல ஏறிட்டான்.”

அதன்பிறகு மச்சானுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கும் வேலை கிடைத்தது. அவனும் பட்டனும் மட்டும். சாத்தாங்காட்டை விட்டான். நண்பன் என்றால் விலகிப் போயிருக்கலாம். மச்சானை என்ன செய்வது? பொங்கலுக்கு வருவான், தீபாவளிக்கு வருவான், முதல் பந்தியில் உட்காருவான், நான் அவனுக்கு ரசம் ஊற்றுவேன். சில வருடம் கழித்து, ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஆனபோது, ஒரு மத்தியானம் ‘போசா நோவா’, ‘குழல்’ என்று அடித்துத் தேடித் தேடி அந்தக் குழல்காரரின் பாட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டால் வேகமாக ஓடியது, சுருதியும் மேலே இருந்தது. கம்ப்யூட்டரில் கோளாறு என்று பக்கத்து மேஜைப் பையனைக் கூப்பிட்டேன். கோளாறு எங்கள் சீர்வரிசை டேப் ரிக்கார்டரில். உள்ளே பெல்ட் தளர்ந்து, பாட்டை நிதானமாக, தாழ்த்தி ஓட்டியிருக்கிறது. நாங்கள் பிரேசிலின் ஏக்கம் என்று உருகியது ஒரு ரப்பர் வளையத்தின் களைப்பு. பட்டன் சொன்ன வேகம்தான் சரி. மச்சான் வானொலியில் வாசித்ததும் சரி. ஷெட்டில் வாசித்தது மட்டும்தான் தப்பு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத தப்பு. அதை அறிந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவன் சரியான பக்கம் போய்விட்டான்.

ஹோட்டலில் ஒரு நாள் நேரடி இசையை நிறுத்திவிட்டார்கள். பட்டனே போதும், குழலும் அதிலேயே வருகிறது என்று கண்டுகொண்டார்கள் போலிருக்கிறது. அந்த வருடம் காணும் பொங்கலன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட என் மகள், “மாமா, வாசி மாமா” என்று குழலை எடுத்துக்கொண்டு வந்தாள். ஜிமிக்கி போட்டிருந்தாள், இடதுபக்கம் ஒரு நூல் கீழே ஆடியது. அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னிடம், “டப்பா கீதா மச்சான்? எடேன், சும்மா” என்றான். பத்து வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. அது எனக்கே வெட்கமாக இருந்தது. பரணில் ஏறி எடுத்து வந்தேன்.

மூச்சு கேட்டது. பிறகு முதல் பாட்டு, எங்கள் பழைய நிதானத்தில். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். நான் டப்பாவை ஆட்டினேன். சத்தம் வரவில்லை. பயறு வண்டடித்து எப்போதோ மாவாகியிருந்தது. உள்ளே புழுதி மட்டும் மெத்தென்று இப்படியும் அப்படியும் சாய்வது உள்ளங்கையில் தெரிந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. ஒரே சீராக ஆட்டிக்கொண்டே இருந்தேன், முந்தாமல், என்னைக் காட்டிக்கொள்ளாமல். டப்பா மட்டும் தனியாக ஓட வேண்டிய இடம் வந்தது. அவன் குழலை இறக்கிக் காத்திருந்தான். கூடத்தில் மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. என் மகள் டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டி ரசித்துவிட்டுத் திரும்பவும் ஆரம்பித்தான், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூடி, கடைசியில் பட்டனின் ஓட்டத்தில் போய் முடித்தான். என் கை பழைய நடையிலேயே இருந்தது.

கண்ணைத் திறந்து குழலைத் துடைத்தான். “கை மறக்கல பாரு உனக்கு” என்றான், மனசாரத்தான்.

மூடியைச் சுற்றிப் புதிதாகக் கறுப்பு டேப் ஒட்டிப் பரணில் வைத்தேன். போகி தோறும் அது வாசலுக்குப் போகிறது, நான் போய் எடுத்து வருகிறேன். காலி டப்பா என்கிறாள் மனைவி. ஆட்டிக் காட்டி நிரூபிக்க வழியில்லை.